வீட்டுப் பிள்ளைகளுக்குப் போட்ட நம்பர்

அந்தத் தெருவுக்கே அவள் ஃபார்ம் அக்கா. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மூடி சரியாக மூடாத ஒரு ஸ்கேனர், போட்டோ எடுக்கச் சுவரில் ஒரு வெள்ளைத் துணி. கடை இவ்வளவுதான். ஆனால் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் மாதம் வந்துவிட்டால் வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. அவளை சித்தி என்று கூப்பிடுகிற அக்கா மகள் ஒருத்தி இருந்தாள். அந்தப் பெண்ணுக்கு அவள் செய்த காரியத்தைத்தான் சொல்லப் போகிறேன் என்பதால், நாமும் அவளை சித்தி என்றே வைத்துக்கொள்வோம்.

சித்திக்குத் தொழில் சுத்தம். போட்டோவில் இரண்டு காதும் தெரிய வேண்டும். கையெழுத்து கட்டத்தைத் தாண்டக் கூடாது. பள்ளிச் சான்றிதழில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும், ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் விடமாட்டாள். ஃபார்ம் போட்டு முடித்த பிள்ளையை உடனே எழுந்து போகவும் விடமாட்டாள். அதற்கென்று ஒரு பாட்டு வைத்திருந்தாள். தெருவில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம்.

“நம்பர் உன்னோடதா இருக்கணும், இல்லன்னா உங்கப்பா அம்மாவோடது. என் நம்பரக் கேக்காத, தரமாட்டேன். ஓடிபி வர லேட்டானா உக்காந்து காத்திரு. பரீட்சைக்காரங்க எது சொன்னாலும் அந்த நம்பருக்குத்தான் சொல்வாங்க. மூணு நாள் முன்னாடி ஹால் டிக்கெட்டத் திரும்ப ஒரு தடவை எடுத்துப் பாரு. முதல் நாளே போயி இடத்தப் பாத்துட்டு வா. கேட்ட மூடினா மூடினதுதான், உங்க தாத்தாவே வந்து நின்னாலும் தெறக்க மாட்டான்.”

ஒருமுறை ஒரு தாய், வீட்டுக்காரர் போனை வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார், உங்கள் நம்பரையே போட்டுவிடுங்களேன் என்று கெஞ்சினாள். சித்தி அசைந்து கொடுக்கவில்லை. “உங்க பிள்ளையோட தலையெழுத்த என் போன்ல எதுக்கும்மா வைக்கிறீங்க” என்று கேட்டாள். அந்த அம்மாள் மறுநாள் போனோடு வந்தாள்.

ஊருக்கெல்லாம் இப்படிப் பாடம் எடுத்தவள், தன் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் போட்டது தன் நம்பரைத்தான்.

ஒருவன் அவள் பெற்ற பிள்ளை. வெயில் சுள்ளென்று அடித்த பிறகே கண் விழிப்பான் என்பதால் வீட்டில் அவனுக்குத் துரை என்று பெயர். இன்னொருத்தி அக்கா மகள். பேசக் கற்ற நாளிலிருந்து மற்றவர்கள் பேச்சில் பிழை திருத்திக்கொண்டிருந்தவள். அதனால் அவள் வாத்தி. இருவருக்கும் ஐந்து மாதம்தான் வித்தியாசம். பெரியவர்கள் சண்டை போட்டாலும் இவர்கள் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

ஒருநாள் சித்தி கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டு, இருவரையும் பக்கத்தில் உட்கார வைத்து ஃபார்ம் போட்டாள். முதலில் துரைக்கு, அடுத்த மூச்சில் வாத்திக்கு. வாத்தியின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். பாதி நாள் லிஃப்ட் குழிக்குள்ளேயே இருப்பார், அங்கே சிக்னல் எடுக்காது. அக்காவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை, போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வாத்தியோ படிப்புக் கெட்டுவிடும் என்று அந்த ஒரு வருடமும் போனே வேண்டாம் என்று விட்டவள். ஓடிபிக்காக யாரைத் தேடிப் போவது என்று சித்தி தன் நம்பரை அடித்தாள்.

“சித்தி, நீங்க எல்லாருக்கும் வேற மாதிரி சொல்வீங்களே” என்றாள் வாத்தி.

“அது ஊராருக்கு. நீ என் வீட்டுப் பொண்ணு.”

வாத்தி விடவில்லை. விதிமுறைகள் என்று எவரும் படிக்காத அந்த நீளமான பக்கத்தைத் திறந்து, ஒரு வரியை வாய்விட்டுப் படித்தாள். “ஒரு கைப்பேசி எண்ணை ஒரு விண்ணப்பத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். மீறினால் சம்பந்தப்பட்ட விண்ணப்பங்கள் அனைத்தும் ரத்து செய்யப்படலாம்.”

“இதையெல்லாம் எவன் உக்காந்து பாக்கறான். கம்ப்யூட்டரே பேசாம வாங்கிக்கிச்சு, உனக்கென்ன. நீ படிக்கிற வேலையப் பாரு. மத்தத நான் பாத்துக்கறேன்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை வாத்தி அப்படியே நம்பினாள். சித்தி சொன்னால் சொன்னதுதான் என்று பார்த்து வளர்ந்தவள் அவள்.

வாத்திக்கு இந்தத் தேர்வு என்னவென்று சொல்லிவிட வேண்டும். பள்ளி முடித்து ஒரு வருடம் வீட்டிலேயே இருந்து படித்தாள். அப்பா மனசில்லாமல்தான் ஒத்துக்கொண்டார். “ஒரு வருஷம். ஒரே ஒரு தடவை. கெடைச்சா படி, இல்லன்னா எங்க கம்பெனி உதிரிபாகக் கவுண்டர்ல ஒரு வேலை இருக்கு” என்று சொல்லியிருந்தார். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். கல் மனசு என்று அவரைச் சொல்ல முடியாது, கை அவ்வளவுதான் நீளும். தேர்வோ வருடத்துக்கு ஒரு முறை.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அக்கா கடைக்கு வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மகளின் மாதிரித் தேர்வு மார்க்கைச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

“துரையவிட அறுபது மார்க் கூட. அவன் என்னடி பண்றான், தூங்கறானா?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கெட்ட எண்ணம் கிடையாது, அக்காவுக்கு வாய் கொஞ்சம் முந்தும், அவ்வளவே. சித்தியும் சிரித்தாள். ஆனால் அக்கா போன பிறகும் அந்த அறுபது போகவில்லை. பிரிண்டரில் பேப்பர் வைக்கும்போதும் அறுபது, வீட்டில் பாத்திரம் கழுவும்போதும் அறுபது. தன் பிள்ளையைத் தான் திட்டலாம், வேறு யாரும் அவனை எடை போடக் கூடாது என்று நினைக்கிற ரகம் சித்தி.

தேர்வுக்கு மூன்று நாள் முன்பு, மாலை நான்கு மணி. உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்று கடையில் ஒரே கூட்டம். மேசைமேல் கிடந்த போன் இரண்டு தடவை அதிர்ந்தது. சித்தி எடுத்துப் பார்த்தாள். உங்கள் விண்ணப்பத்துக்கான தேர்வு மையம் மாற்றப்பட்டுள்ளது, புதிய அனுமதிச் சீட்டைப் பதிவிறக்கிக்கொள்ளவும் என்று இருந்தது. பெயர் கிடையாது, பன்னிரண்டு இலக்கத்தில் ஒரு விண்ணப்ப எண் மட்டும். அதற்குக் கீழே அதே செய்தி இன்னொரு தடவை. அடுத்தடுத்துப் போட்ட ஃபார்ம்கள் என்பதால் இரண்டு எண்ணுக்கும் கடைசி இலக்கத்தில் மட்டும்தான் மாற்றம்.

பேங்க் செய்திகூடச் சில நேரம் ரெட்டையாக வருமே, இதுவும் அப்படித்தான் என்று சித்தி நினைத்தாள். துரையின் கணக்கைத் திறந்தாள். பக்கத்துத் தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளிக்கூடம் போய், ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி வந்திருந்தது. அவசரமாகப் பிரிண்ட் எடுத்து மேசை இழுப்பறையில் வைத்தாள். நல்லவேளை பார்த்தேன் என்று வரிசையில் நின்றவர்களிடம்கூடச் சொன்னாள். இதுவரை நடந்ததை யாரும் தப்பு என்று சொல்ல மாட்டார்கள். ஆள் அசந்தால் யாருக்கும் வரும் பிசகு.

மறுநாள் காலையில் நடந்தது அப்படியல்ல. துரையின் சீட்டைக் கவரில் வைத்துக்கொண்டிருந்தபோது சித்திக்கு மின்னல்போல் ஒன்று உறைத்தது. முதலில் இரண்டு பேருக்கும் ஒரே பள்ளிக்கூடம்தானே போட்டிருந்தார்கள். அப்படியென்றால் வாத்திக்கும் மாறியிருக்குமே. கை மவுசுக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது. அறுபது மார்க் கூட வாங்குகிறவளுக்கு இது தெரியாதா, எல்லாவற்றையும் கவனிக்கிற வாத்தியாயிற்றே, அவளே பார்த்துக்கொள்வாள் என்று மனசு ஒரு மூலையில் முணுமுணுத்தது. அந்த நேரம் பார்த்துப் போட்டோ எடுக்க ஒருவர் வந்தார். அவர் போனதும் லேமினேஷனுக்கு ஒருவர். அதன் பிறகு சித்தி அதைத் தொடவில்லை. மறந்துபோனாளா, மறந்தால் மறக்கட்டும் என்று விட்டாளா என்பது அவளுக்கே விளங்கவில்லை. தேர்வுக்குப் பிறகு ஐந்து நாள் அவள் தன்னைத்தானே குடைந்துகொண்டிருந்தது இந்த ஒரு கேள்வியைத்தான்.

பிள்ளைகளாவது பேசிக்கொண்டிருக்கலாம். வாத்தி கடைசி வாரம் முழுக்க அறையை விட்டு வரவில்லை, துரையும் அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அந்தப் பக்கம் போகவில்லை. சித்தியின் பாட்டில் இருந்த ஒன்றை மட்டும் வாத்தி தவறாமல் செய்தாள். முதல் நாளே அப்பாவோடு போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். எந்த கேட், எங்கே கழிப்பறை, வண்டியை எங்கே நிறுத்துவது என்று எல்லாம் பார்த்து வைத்தாள், அந்தப் பழைய பள்ளிக்கூடத்தில்.

தேர்வு அன்று சித்தி துரையைக் கொண்டுபோய் கல்லூரி வாசலில் விட்டுவிட்டு, மற்ற பெற்றோர்களோடு மரத்தடியில் நின்றாள். எட்டரை மணிக்கு, வாத்தியை அழைத்துப் போயிருந்த அத்தானிடமிருந்து போன் வந்தது.

“என்னம்மா இது, ஸ்கூல் பூட்டிக் கெடக்கு. அரைமணி நேரமா நிக்கறோம், ஒரு பிள்ளையும் வரல. வாட்ச்மேனுக்கு ஒண்ணும் தெரியல.”

 சித்தி கேள்வியே கேட்காமல் போனில் வாத்தியின் கணக்கைத் திறந்தாள். அன்றைக்கென்று பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஊரில் உள்ள எல்லாரும் அதே நேரத்தில் அதையே திறந்திருப்பார்கள் போலிருக்கிறது. திறந்து பார்த்துச் சொல்லி முடிக்க எட்டு நாற்பத்திரண்டு ஆகிவிட்டது. “இங்கதான் அத்தான், நான் நிக்கிற இடம்தான், சீக்கிரம் வாங்க.” பதினொரு கிலோமீட்டர். ஒன்பது மணிக்கு கேட்டை மூடினார்கள். ஒன்பது ஏழுக்கு அந்த இருசக்கர வண்டி வந்தது. வாத்தி அது நிற்பதற்கு முன்பே குதித்து ஓடி வந்தாள்.

அத்தான் கேட்டைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால்கூட நிதானம் தவறாத மனிதர், காவலரைச் சார் சார் என்று கும்பிட்டார். சித்தியும் கெஞ்சினாள். எந்தக் கேட் தாத்தா வந்தாலும் திறக்காது என்று இத்தனை வருடம் பிள்ளைகளை மிரட்டினாளோ, அதன் முன்னால் நின்று கெஞ்சினாள்.

“உள்ள கேள்வித்தாள் பிரிச்சாச்சும்மா. இனிமே என் கையில இல்ல” என்றார் காவலர்.

வாத்தி மட்டும் கெஞ்சவில்லை. “என் நம்பர் லிஸ்ட்ல இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க” என்று கேட்டாள். காவலர் பாவப்பட்டுத் தாளைப் புரட்டினார். இருந்தது. துரை உட்கார்ந்திருந்த அதே அறை, அவனுக்குப் பின் இருக்கை. அவள் “சரி” என்று சொல்லிவிட்டு, வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

அத்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். “உனக்கு மெசேஜ் ஏதாச்சும் வந்துச்சாம்மா?”

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, விவரம் தெரிந்தவள் என்று கேட்டார். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார்கள், அழுதிருப்பார்கள், அத்தோடு போயிருக்கும்.

“துரைக்கு வந்துச்சு அத்தான். இவளுக்கு வரல.”

சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டில் வாங்குகிற சாக்கில் மரத்துக்கு அந்தப் பக்கம் போய், கடைசி இலக்கத்தை இரண்டு தடவை சரிபார்த்து, வாத்தியின் செய்தியை அழித்தாள். தண்ணீர் பாட்டிலையும் மறக்காமல் வாங்கினாள். அதுதான் பிற்பாடு அவளை அதிகம் உறுத்தியது.

பழி தானாக ஓரிடம் தேடிப் போனது. “சித்தி தலபாடா அடிச்சிக்கிட்டாளே, திரும்ப எடுத்துப் பாருன்னு. பாத்தியாடி” என்று அக்கா தன் மகளைப் பிடித்துக்கொண்டாள். “பாக்கலம்மா. என் தப்புதான்” என்றாள் வாத்தி.  இரண்டாம் நாள் அத்தான் உதிரிபாகக் கவுண்டர் வேலைக்கான படிவத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். அக்கா இதை எல்லாம் போனில் சொல்லிச் சொல்லி அழுதாள். “நீ இல்லன்னா நான் யார்கிட்டடி சொல்லுவேன்” என்றாள். சித்தி போனைக் காதில் வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தேர்வு முடிந்த அன்று மாலையே அறிவிப்பு வந்தது. மையம் மாறியதால் எழுத முடியாமல் போனவர்கள் ஐந்து நாளுக்குள் மனு செய்யலாம், தக்க காரணம் இருந்தால் இரண்டு வாரத்தில் தனியாகத் தேர்வு வைப்பார்கள். தெருவில் அதை முதலில் படித்தது சித்திதான். கீழே உள்ள பொடி எழுத்தையும் படித்தாள். செய்தி எல்லா எண்களுக்கும் போய்ச் சேர்ந்ததற்குப் பதிவு இருக்கிறது, ஆகவே வரவில்லை என்ற காரணம் ஏற்கப்படாது. செய்தி வேறொருவர் கையில் சிக்கி விண்ணப்பதாரருக்குத் தெரியாமல் போயிருந்தால், அந்த எண்ணுக்கு உரியவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும்.

கடிதம் எழுதப் பத்து நிமிடம் ஆகாது. எண் என்னுடையது, செய்தி எனக்குத்தான் வந்தது, நான் சொல்லவில்லை. ஆனால் அந்த எண்ணை அங்கே யாராவது தட்டிப் பார்த்தால் அதன் கீழே இரண்டு பிள்ளைகள் இருப்பார்கள். அனைத்தும் ரத்து செய்யப்படலாம்.

துரையோ பிறந்ததிலிருந்து முதல் முறையாக ஒரு தேர்வை ஒழுங்காக எழுதியிருந்தான். விடைகளைச் சரிபார்த்துவிட்டு, “அம்மா, கெடைச்சிரும் போலருக்கு” என்று அவன் சொன்னபோது அவன் குரலே வேறாக இருந்தது. இரண்டு நாளாக யாரும் எழுப்பாமல் ஆறு மணிக்கு எழுந்துகொண்டிருந்தான். அவனிடம் போய் என்னவென்று சொல்வாள்.

முதல் நாள், அக்கா அழுகை ஓயட்டும் என்று தள்ளினாள். இரண்டாம் நாள், பேப்பரில் எழுதிப் பார்த்துக் கிழித்தாள். மூன்றாம் நாள், தனித்தேர்வு கேட்டு எத்தனை ஆயிரம் பேர் போடுவார்கள், கிடைக்கவா போகிறது என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டினாள். நான்காம் நாள் அதுகூடக் கட்டவில்லை. கடைக்கு வந்த பிள்ளைகளுக்கு ஃபார்ம் போட்டாள், வழக்கமான பாட்டை மட்டும் பாடவில்லை. “என்னக்கா, இன்னிக்கு அட்வைஸ் இல்லையா” என்று ஒரு பையன் கேலி செய்தான். தொண்டை சரியில்லை என்றாள்.

ஐந்தாம் நாள் மதியம் மூன்று மணிக்கு வாத்தி தனியாக வந்தாள். கடையில் வேறு ஆள் இல்லை.

“சித்தி, மனு போடணும். அஞ்சு மணிக்கு மூடிருவாங்களாம்.”

“அப்பா வரலியா?”

“அவருக்குத் தெரியாது. கெடைக்காதுன்னுதான் தோணுது. போட்டுப் பாத்துட்டா மனசு ஆறிரும்ல.”

சித்தி பக்கத்தைத் திறந்தாள். காரணம் என்று ஒரு வெற்றுக் கட்டம் வந்தது. மையம் மாறிய தகவல் எனக்கு வரவில்லை என்று அடித்தாள். எடுபடாது என்று தெரிந்தே அடித்தாள்.

வாத்தி திரையைப் பார்த்துக் குனிந்தாள். “வரவில்லைன்னு போடாதீங்க சித்தி.”

“ஏன்?”

“அது நமக்குத் தெரியாதே. அவங்க அனுப்பியிருக்கோம்ங்கறாங்க. நான்தான் திரும்ப எடுத்துப் பாக்கல. நீங்க எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கீங்க, நானே கேட்டிருக்கேன். என் கவனக்குறைவால்னு போடுங்க.”

சித்தி அழித்துவிட்டுத் திரும்ப அடிக்கத் தொடங்கினாள். என் கவன என்பது வரை வந்தது. அதற்கு மேல் விரல் நகரவில்லை.

“வந்துச்சு” என்றாள்.

“என்னது?”

“உனக்கும் வந்துச்சு. என் போனுக்கு.”

வாத்தி நாற்காலியை மெதுவாகத் திருப்பி அவளைப் பார்த்து உட்கார்ந்தாள். “துரைக்கு வந்தப்பவா?”

“அதே நிமிஷம். ஒண்ணே ரெண்டு தடவை வந்துச்சுன்னு நெனச்சேன்.”

“அப்புறமும் அப்படியேதான் நெனச்சீங்களா?”

எங்கே தப்பு இருக்கிறது என்று சரியாக அங்கேயே விரலை வைக்கிற பெண். சித்தி பொய் சொல்லப் பார்த்தாள், வாய் வரவில்லை. “இல்ல. மறுநாள் காலைல உன்னோடதையும் பாக்கணும்னு தோணுச்சு. பாக்கல.”

“ஏன் சித்தி?”

“உங்கம்மா வந்து, துரையவிட நீ அறுபது மார்க் கூடன்னு…”  மனசுக்குள் இருந்தவரை அது பெரிய காயமாகத்தான் தெரிந்தது. வெளியே வந்ததும் இவ்வளவு அற்பமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

“அதுக்கா” என்றாள் வாத்தி.   

சித்தி பிரிண்டரிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி மேசையில் வைத்தாள். “நான் எழுதித் தர்றேன். நம்பர் என்னோடது, மெசேஜ் எனக்குத்தான் வந்துச்சு, நான் சொல்லலைன்னு கையெழுத்துப் போட்டுத் தர்றேன். ஸ்கேன் பண்ணி இப்பவே அனுப்பிரலாம்.”

வாத்தி அந்தத் தாளைப் பார்க்கவில்லை. மவுசைத் தன் பக்கம் இழுத்து விதிமுறைப் பக்கத்தைத் திறந்தாள். அந்த வரி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை.

“ரத்து செய்யப்படலாம்னுதான் போட்டிருக்கு” என்றாள் சித்தி.

“ம்.” வாத்தி விதிமுறைப் பக்கத்தை மூடினாள். “அன்னிக்கே சொல்லியிருக்கலாம் சித்தி. அந்த கேட் முன்னாடியே. எழுதித் தாங்கன்னு நானே கேட்டிருப்பேன். யாரோடது போனாலும் போகட்டும்னு அவ்ளோ கோவத்துல இருந்தேன். நேத்து துரை எங்க வீட்டுக்கு வந்தான். எனக்காக உக்காந்து அழுதான். நான்தான் அவனத் தேத்தி அனுப்பினேன். இப்ப போய் அவனோடத நான் எப்படிக் கெடுக்கறது. அப்புறம் ஆயுசுக்கும் அவன் மூஞ்சியப் பாக்கணும்ல. வேணாம்.”

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

“அம்மாகிட்டயும் சொல்லாதீங்க. அவங்களுக்கு மனசு விட்டுப் பேச இருக்கறது நீங்க ஒருத்திதான்.”

அப்போது சித்தியின் உடம்பு முழுக்க ஒன்று பரவியது. துக்கம் என்று சொல்லிக்கொள்ள அவள் ஆசைப்பட்டாள். ஆனால் அது நிம்மதி. சுத்தமான, வெட்கங்கெட்ட நிம்மதி. ஐந்து நாளாக இறுகிக் கிடந்த தோள் தானாக இறங்கியது. எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் ஒரு வருடத்தின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் இந்த மூச்சு வருகிறது என்று தெரிந்தும் மூச்சு நன்றாகவே வந்தது.

வெள்ளைத் தாளை எடுத்துப் பிரிண்டரில் திரும்ப வைத்தாள். குறைவால் என்று மிச்சத்தை அடித்தாள். வாத்தி ஒரு தடவை படித்துப் பார்த்துத் தலையாட்டினாள். அனுப்பியாயிற்று. அந்தக் காரணத்தைப் படிக்கிற எவரும் இரண்டாம் வரிக்குப் போகமாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தபோது மணி நான்கு பத்து.

வாத்தி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். சித்தி எழுந்தாள். இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது, அனுப்பிய மனுவில் ஐந்து மணிக்குள் இணைப்புச் சேர்க்கலாம் என்றும் திரையில் எழுதியிருந்தது. எழுதிரலாம்டி, நடக்கறது நடக்கட்டும் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது.

“ஏய், இரு.”

“என்ன சித்தி?”

“சாப்பிட்டியா?”

“வீட்டுக்குப் போய் சாப்பிட்டுக்கறேன்.”

“எங்கிட்ட டிபன் பாக்ஸ்ல இருக்கு. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ.”

“வேணாம் சித்தி.”

“மணி நாலாச்சு. வயித்தக் காயப்போடாத.”

“பசியே இல்ல.”

“சும்மா வேணாம் வேணாம்னு சொல்லாத. உக்காரு முதல்ல.”

கையைப் பிடித்து இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். டப்பாவைத் திறந்து, மூடியில் போட்டு, கரண்டியையும் கையில் திணித்தாள். வாத்தி சித்தியின் முகத்துக்காக இரண்டு வாய் சாப்பிட்டாள்.

ஒருவர் வேண்டாம் என்றால் அது முதல் வேண்டாம்தான், இன்னும் இரண்டு முறையாவது கேட்க வேண்டும் என்று தெரிந்த குடும்பத்தில் வளர்ந்தவள் சித்தி. அந்தக் கடிதத்துக்கு மட்டும் அவளுக்கு முதல் வேண்டாமே போதுமாக இருந்தது. அது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது, சாப்பிடுகிற பெண்ணுக்கும் தெரிந்திருக்கும். மனுப் பக்கம் எதிரே ஐந்து மணி வரை திறந்தே இருந்தது. சித்தி இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொன்னாள்.